கொத்தனாருக்கு இரண்டு வீடு

கேள்வி: உங்களிடம் இரண்டு கேள்விகள். முதலாவது: பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எப்போதும் இரண்டு வேலைகளைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்வது என் வழக்கம். ஒன்று சலித்தால் மற்றொன்று. என் மேலாளரோ, "ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்" என்கிறார். கணினியே ஒரே சமயத்தில் பல வேலைகளைச் செய்கிறது. நூறு விஷயங்களை ஒருசேரக் கவனித்த சதாவதானிகள் வாழ்ந்த நாடு இது. யார் சொல்வது சரி?
- வாசகர் ஒருவர், நங்கநல்லூர்

பதில்: உங்கள் மேலாளர் சொல்வதுதான். மேலாளர் ஒருவருக்குச் சாதகமாக இந்தப் பக்கத்தில் தீர்ப்பு வருவது அபூர்வம். இதை அவரிடம் காட்டிவிடாதீர்கள்.

சதாவதானியைச் சாட்சிக்கு அழைத்துவிட்டீர்கள். அவரையே முதலில் விசாரிப்போம். 1907-இல் நம் ஊர் விக்டோரியா பொது அரங்கில், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செக்கச்செவேல் என்று நிற்கிறதே, அந்தக் கட்டடத்தில்தான் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். அவதான அரங்கில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார், ஒருவர் முதுகில் சிறு கல்லை எறிவார். ஆனால் கேள்வி கேட்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் வருவார்கள். ஒருவருக்குச் செவி கொடுக்கும் நேரத்தில் அவதானி முழுக்க அவருடைய ஆள். விட்ட இடத்தை மறக்காமல் வந்து பிடிப்பதுதான் அங்கே வித்தை; அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சி. அவதானம் என்றாலே கவனம் என்றுதான் பொருள். இலங்கைத் தமிழர்கள் நாம் 'கவனம்' என்னும் இடத்தில் இன்றும் 'அவதானம்' என்பார்கள். நீங்கள் போன செவ்வாய்க்கிழமை மூடிவைத்த வேலை எந்த வரியில் நின்றது என்று பார்க்காமல் சொல்ல முடியுமா?

கணினியைச் சொன்னீர்கள். உங்கள் தொழில், உங்களுக்கே தெரியும்: ஒற்றைச் செயலி உள்ள கணினி இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வதில்லை. நேரத்தை நறுக்கி, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று தாவுகிறது. தாவும் முன் விட்ட இடத்தை ஒரு புள்ளி பிசகாமல் குறித்துவைத்துக்கொள்கிறது. அப்படியும் அளவுக்கு மீறி வேலைகளைத் திறந்துவிட்டால், எடுத்து வைப்பதிலும் திரும்பக் கொண்டுவருவதிலுமே பொழுது போய், உருப்படியாக எதையும் செய்யாமல் திணறுகிறது. இந்தக் காலத்துக் கணினியில் எட்டுச் செயலிகள்கூட இருக்கின்றன. உங்களுக்கு அந்த வசதி செய்து தரப்படவில்லை.

இனி என் கதை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டு மாடியில் பூச்சு வேலை. கொத்தனார் கெட்டிக்காரர், நல்ல மனிதர். ஆனால் அடுத்த தெருவிலும் ஒரு வீட்டை ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டிலும் ஆறாறு நாள் வேலை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. நியாயமாகத்தானே தெரிகிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டை முடித்துவிட்டு அங்கே போயிருந்தால் எனக்கு 6-ஆம் நாள் முடியும், அடுத்த தெரு வீட்டுக்காரருக்கு 12-ஆம் நாள். மாற்றி மாற்றிச் செய்தால் எனக்கு 11-ஆம் நாள், அவருக்கு அதே 12-ஆம் நாள். எனக்கு ஐந்து நாள் நஷ்டம். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு நாள்கூட லாபமில்லை. இது ஏட்டுக்கணக்கு. சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைந்ததையும், மீந்த கலவை இறுகிப்போனதையும், 'எங்கே விட்டோம்' என்று காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அரை மணி நேரங்களையும் சேர்த்தபோது 16 நாள் ஆயிற்று. அவர் எங்கள் வீட்டைத் தொடங்கியது வேலை நடக்கவா, நான் வேறு ஆளைத் தேடிப் போய்விடாமல் இருக்கவா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். தீபாவளிக்கு முன் தையல்காரர்கள் எல்லாருடைய துணியையும் வெட்டி வைத்துக்கொள்கிறார்களே, அந்த ராஜதந்திரம்தான்.

அதே கொத்தனார் தளம் போட்டுவிட்டு, அது நனைந்து இறுக வேண்டிய குறைந்தபட்சம் ஏழு நாளில் இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தால் நானே வழியனுப்பி வைத்திருப்பேன். அப்போது தளம்தான் காத்திருக்கிறது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் இறுகிவிடாது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் காய் நறுக்குகிறவரும் இந்த வகைதான். நீங்கள் அனுப்பிய நிரல் சோதனையில் இருக்கிறதா, வாடிக்கையாளரிடமிருந்து பதில் வர வேண்டுமா, தாராளமாக அடுத்ததை எடுங்கள். உங்கள் மேலாளரும் அதை மறுக்க மாட்டார். மறுத்தால் அவரை விட்டுவிட்டு உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

"எனக்கு மட்டும் இது கைவரும்" என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரை மாதிரிக் காரில் உட்காரவைத்து, ஓட்டும்போதே நினைவுச் சோதனையும் கணக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2010-இல் வெளிவந்தது. இரண்டிலும் சறுக்காதவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்து பேர். மீதி 195 பேரில் எத்தனை பேர் தங்களை அந்த ஐவரில் சேர்த்திருப்பார்களோ! அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. ஒரே சமயத்தில் பல ஊடகங்களில் மேய்கிற பழக்கம் மிகுந்தவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில்தான் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். தினமும் அதைத்தான் செய்கிறார்கள், அதுவே சரியாக வரவில்லை.

நானும் யோக்கியன் அல்ல. ஒருமுறை தொலைபேசியில் தொடர்கதை ஆசிரியரோடு வாதாடிக்கொண்டே சமையல் பக்கத்துக்குப் பிழை திருத்தினேன். 'ஒரு சிட்டிகை பெருங்காயம்' இருந்த இடத்தில் 'ஒரு கிண்ணம்' என்று அச்சாயிற்று. மூன்று வாரம் கடிதங்கள் வந்தன. செய்து பார்த்துவிட்டு எழுதியவரும் ஒருவர் உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'சலித்தால்' என்ற சொல்தான். எந்த இடத்தில் சலிக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். எனக்குச் சலிப்பு வருவதெல்லாம் தலையங்கத்தின் மூன்றாவது பத்தியில், எழுதுவது கடினமாகும்போது. உடனே மேஜையில் வேறு ஏதோ அவசர வேலை கண்ணில் பட்டுவிடும். உங்கள் இரண்டாவது வேலையும் அந்த ஜாதியா என்று பாருங்கள்.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். இரண்டு கேள்விகள் என்று தொடங்கியிருக்கிறீர்கள், இரண்டாவதைக் காணவில்லை. நினைவு வந்ததும் எழுதுங்கள்.