சூத்திரம் தெரிந்திருந்தும் கரைபொருளின் மோல் பின்னம் தவறாக வருவது ஏன்?

மோல் பின்னத்திற்கான, அதாவது கரைசலின் மொத்த மோல்களில் ஒரு பொருளின் பங்குக்கான, சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும், விடை பல நேரங்களில் மூன்றாவது தசம இலக்கத்திலோ நான்காவதிலோ மாறி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவராகவோ நீட் தேர்வுக்குத் தயாராகிறவராகவோ இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். விடை சிறிதளவே மாறுகிறது என்று நீங்கள் சொல்வதிலிருந்தே காரணத்தை ஊகிக்க முடிகிறது: கரைபொருளின் மோல்களைக் கரைப்பானின் மோல்களால் மட்டும் வகுக்கிறீர்கள். கரைபொருள், கரைப்பான் இரண்டின் மோல்களையும் கூட்டி வரும் மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

கிராமப்புற அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் மட்டும் நடத்தி முடித்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால், வீட்டில் மூட்டையாக இருக்கும் யூரியாவிலிருந்து ஒருவரை ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்வேன். 60 கிராம் யூரியாவை நிறுத்து, 180 கிராம் தண்ணீர் உள்ள பீக்கரில் கொட்டிக் கண்ணாடித் தண்டால் கலக்கினால், யூரியா வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே கரைவதால் பீக்கர் சில்லென்று ஆகி வெளிப்புறத்தில் நீர் முத்துகள் அரும்பும். அந்தக் குளிர்ந்த பீக்கர் வகுப்பு முழுவதும் கைமாறி வந்த பிறகுதான், அதில் யூரியாவின் மோல் பின்னம் எவ்வளவு என்று கேட்பேன்.

அந்த ஒரே பீக்கருக்கு மூன்று விடைகள் வரும். சிலர் 60 கிராமை 240 கிராமால் வகுத்து 0.25 என்பார்கள். அது நிறைப் பின்னம். கிராம்களை மோல்களாக மாற்றாமலே கணக்கிட்டது. யூரியாவின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 60 கிராம், தண்ணீருடையது 18 கிராம். ஆகவே பீக்கரில் 1 மோல் யூரியாவும் 10 மோல் தண்ணீரும் இருக்கின்றன. இதைச் சரியாகக் கண்டுபிடித்தவர்களிலும் பலர் 1-ஐ 10-ஆல் வகுத்து 0.1 என்று எழுதுவார்கள். மொத்தம் 11 மோல்கள் என்பதால் 1-ஐ 11-ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.0909 என்பதே சரியான விடை.

0.1 என்று எழுதியவரிடம், அதே முறையில் தண்ணீரின் மோல் பின்னத்தையும் கண்டுபிடிக்கச் சொல்வேன். 10-ஐ 1-ஆல் வகுத்தால் 10 வரும். கரைசலின் ஒரு பகுதி முழுக் கரைசலைப் போலப் பத்து மடங்கு இருக்க முடியாது என்பது அவருக்கே உடனே புரிந்துவிடும். சரியான முறையில் தண்ணீருக்கு 0.9091 வரும், இரண்டையும் கூட்டினால் 1. தேர்வில் நேரம் இருந்தால் இந்தக் கூட்டலை ஒருமுறை செய்து பாருங்கள்.

இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமலே தொடர்வதற்கு நீர்த்த கரைசல்கள்தான் காரணம். 180 கிராம் குளுக்கோஸை 1000 கிராம் தண்ணீரில் கரைத்தால், 1 மோல் குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 55.56 மோல் தண்ணீர். சரியான விடை 0.0177; கரைப்பானால் மட்டும் வகுத்தால் 0.0180. இந்த நெருக்கத்தைப் பயன்படுத்தி, ஆவியழுத்தக் குறைவைப் பற்றிய ரௌல்ட் விதிக் கணக்குகளில் பின்னத்தின் கீழ் எண்ணிலிருந்து கரைபொருளின் மோல்களை விட்டுவிடும் தோராயம் உண்டு, அதில் பிழையும் இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் அதிகம் விற்ற வழிகாட்டி நூல் ஒன்று, நீர்த்த கரைசலுக்கு மட்டுமே பொருந்தும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, அந்தத் தோராயத்தையே வரையறையாக அச்சிட்டிருந்தது. அதைப் படித்த மாணவர்கள் அடர் கரைசல் கணக்குகளிலும் அப்படியே எழுதி மதிப்பெண் இழந்தார்கள். ஒரு வரி நிபந்தனையை அச்சிட என்ன செலவாகிவிடப் போகிறது என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை.

உர யூரியா தூய வேதிப்பொருள் அல்ல, அதன்மேல் வேப்ப எண்ணெய் பூச்சு இருக்கிறது என்று யாராவது இங்கே ஆட்சேபிக்கலாம். அது எனக்கும் தெரியும்; நான் அந்தப் பீக்கரைப் பகுப்பாய்வுக்காக வைக்கவில்லை, மோல் என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவு என்று காட்டவே வைத்தேன். சாதாரண உப்பைக் கரைத்தால் அயனிகளாகப் பிரியுமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: கணக்கில் வேறு குறிப்பு இல்லாவிட்டால், பள்ளித் தேர்வில் உப்பின் மோல்களை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் வழக்கம், அயனிகளாகப் பிரிவதன் விளைவை வான்ட் ஹாஃப் காரணி (கரையும்போது துகள்கள் எத்தனை மடங்காகின்றன என்று காட்டும் எண்) தனியே கவனித்துக்கொள்ளும்.

உங்களுக்கு இடறக்கூடிய இன்னொரு இடம் அடர்த்தி. நிறைச் சதவீதம் கொடுத்திருந்தால் அடர்த்தியே தேவையில்லை. 100 கிராம் கரைசலை எடுத்துக்கொண்டால் போதும். 98 சதவீத கந்தக அமிலம் என்றால் அமிலம் 98 கிராம், அதாவது 1 மோல். தண்ணீர் 2 கிராம், அதாவது 0.111 மோல், அமிலத்தின் மோல் பின்னம் 0.90. மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல்கள்) கொடுத்திருந்தால் அடர்த்தி இல்லாமல் நகரவே முடியாது, ஏனென்றால் அதில் தெரிவது கரைசலின் கன அளவுதான், கரைப்பானின் நிறை அல்ல. அதே அமிலத்தை 18.4 மோலார் என்றும் அடர்த்தி ஒரு மில்லி லிட்டருக்கு 1.84 கிராம் என்றும் கொடுத்தால், 1 லிட்டர் கரைசலின் நிறை 1840 கிராம், அதில் அமிலம் 1803.2 கிராம், எஞ்சிய 36.8 கிராம் தண்ணீர், அதாவது 2.04 மோல். 18.4-ஐ 20.44-ஆல் வகுத்தால் மீண்டும் அதே 0.90 வர வேண்டும். இந்த இரண்டு வழிகளையும் தாளில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்; வராவிட்டால் எந்தப் படியில் நின்றது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.