வட்டார நாட்டுப்புற இசையை எங்கே தேடுவது?

வணக்கம். புதிதாகக் குடியேறிய வட்டாரத்தின் நாட்டுப்புறப் பாடல்களைக் கிட்டாரில் வாசிக்க விரும்புவதாகவும், இணையத்தில் மேடைக்கென மெருகேற்றிய பதிவுகளே கிடைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பவரிடமிருந்து தொடங்குங்கள். யார் எதை வாசிக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழகத்திலோ பொது நூலகத்தின் வட்டார வரலாற்றுப் பிரிவிலோ களப்பதிவுகள் (பாடுபவர்களின் இடத்துக்கே சென்று எடுத்த ஒலிப்பதிவுகள்) உள்ளனவா என்று விசாரியுங்கள். ஒரே பாட்டு ஊருக்கு ஊர் வேறு பெயரில் வழங்குமாதலால், பட்டியலில் பாடலின் பெயரைவிட ஊர், தொழில், சடங்கு ஆகியவற்றைக் கொண்டு தேடுவதே பலன் தரும். 1948இல் தொடங்கப்பட்டு, 1987 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள ஃபோக்வேஸ் என்ற இசைப்பதிவுத் தொகுப்பில் பல நாடுகளின் பதிவுகள் இருக்கின்றன. அவற்றின் விளக்கக் குறிப்பேடுகளை இலவசமாகவே தரவிறக்கலாம் (பாடல்களைவிட அவற்றையே நான் அதிகம் நாடுவதுண்டு).

பாடகர்கள் கூடும் இடத்துக்கு முதன்முறை செல்லும்போது கேட்பவராக மட்டும் இருங்கள். சில பாடல்கள் சடங்குக்கு வெளியே பாடத் தகாதவையாகக் கருதப்படலாம் என்பதால், அனுமதி பெறாமல் ஒலிப்பதிவு செய்ய வேண்டாம். மரபுப் பாடகரின் சுருதி கிட்டாரின் சுரங்களோடு எப்போதும் பொருந்தாது. கேப்போவை (கிட்டாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வியை) நகர்த்தியோ தந்திகளைத் தளர்த்தியோ நீங்கள்தான் அவருடைய சுருதிக்கு வர வேண்டியிருக்கும்.