தம்பியின் கைப்பேசி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது; அறிவுசார் குறைபாடு உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பான், எண்கள் தெரியும். கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிறான். கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பணம் வந்துவிட்டதா என்று தானே பார்க்க ஆசைப்படுகிறான். ஆனால் ஓடிபி எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் செயலி மூடிக்கொள்கிறது. நேற்று, "எனக்குத்தான் மூளை இல்லை" என்று அழுதுவிட்டான். கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம், சகோதரி. தம்பியிடம் இருந்து வாங்க வேண்டியது கைப்பேசியை அல்ல, தன்மேல் அவர் சுமத்திக்கொண்ட பழியைத்தான். ஆறு இலக்கங்களை மனத்தில் நிறுத்தி, வேறொரு திரைக்குப் போய், குறித்த நேரத்துக்குள் பிழையின்றி அடிக்கச் சொல்வது நினைவாற்றலுக்கு வைக்கும் தேர்வு. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் உலக அளவிலான அணுகல் நெறிமுறைகள் இதைக் குறையாகவே கருதுகின்றன. நேரம் முடியுமுன் எச்சரித்து, ஒரே தொடுதலில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியாவது தர வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுப் பதிப்பே சொல்லிவிட்டது. நினைவாற்றலைச் சோதிப்பதை மட்டுமே உள்ளே நுழையும் வழியாக வைக்கக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது.

உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துப் பாருங்கள். எப்போதும் அதே கம்பம். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. படிக்கத் தெரியாதவரும் அண்ணாந்து பார்த்து வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிறார். மாறாத இடம், மாறாத அடையாளம், ஒரு நேரத்தில் ஒரே செய்தி என்ற இந்த முறைதான் தம்பியின் கைப்பேசிக்கும் வேண்டும். முகப்பில் நான்கு படங்கள் போதும்: உங்கள் முகம், அம்மாவின் முகம், வேலை கொடுப்பவரின் முகம், ஒரு நாணயம். அந்த நாணயப் படத்தில், மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் வங்கி எண்ணைப் பதிந்து வையுங்கள். பெரும்பாலான வங்கிகளில் இந்த வசதி உண்டு, ஓடிபி தேவையில்லை. வரும் செய்தியில் தொகை எந்த இடத்தில் இருக்கும் என்பதைப் பத்து நாள் கூடவே உட்கார்ந்து காட்டுங்கள். எந்தப் படம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். நம் வசதிக்கு நாம் அடுக்கிய திரை அவருக்கு மறுபடியும் அந்நியமாகிவிடும். ஐபோனாக இருந்தால், 2023 முதல் முகப்பையே இப்படிப் பெரிய படங்களாகச் சுருக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

கேள்வி: ஐயா, அரசு அலுவலகங்களும் வங்கிகளும் புரியும்படி தகவல் தர வேண்டும் என்று சட்டப்படி கேட்க முடியுமா?
– ஆசிரியர், தொண்டி

பதில்: முடியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. 'தகவல் தொடர்பு' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்திலேயே எளிய மொழியும் அடங்கும். ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ளவை அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 42ஆவது பிரிவு. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இவ்வளவு இருந்தும் சாய்தளம் கட்டினால் கடமை முடிந்தது என்று எண்ணும் அலுவலகங்களே மிகுதி என்பது எனக்கு ஆறாத வருத்தம். "விண்ணப்பதாரர் அசல் ஆவணங்களுடன் நேரில் முன்னிலையாக வேண்டும்" என்பதை, "நீங்களே வாருங்கள். ஆதார் அட்டையை எடுத்து வாருங்கள்" என்று எழுத ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அரசு அலுவலகம் என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். 'புரியவில்லை' என்று பொதுவாக எழுதாமல், எந்தத் திரையில், எந்தச் சொல்லில், எத்தனை விநாடியில் தடை ஏற்பட்டது என்று குறித்து, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.