பள்ளியின் தலைமுடி விதிக்கு ஆதரவாகக் கை உயர்த்தலாமா?

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் ஒரு புதிய ஒழுங்கு விதியை நிறைவேற்ற இருக்கிறார்கள். அதன் வரைவு இது: "மாணவர்களின் முடி காதையும் சட்டைக் காலரையும் தொடக் கூடாது. மாணவிகள் முடியைப் பின்னிக் கட்டியிருக்க வேண்டும். சாயம், கோடு போட்ட வெட்டு, பிற நாகரிகமற்ற அலங்காரங்கள் அனுமதிக்கப்படா. மீறுவோர் சரிசெய்து வரும்வரை வகுப்பில் அமர முடியாது. தேவைப்பட்டால் பள்ளியிலேயே முடி திருத்தப்படும்." ஒழுக்கம் தளர்ந்துவிட்டது என்று ஆசிரியர்கள் பலர் இதை வரவேற்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கடுமையாக எதிர்க்கிறான். நான் கண்டிப்புக்கு எதிரானவன் அல்ல. இந்த வரைவை ஆதரிக்கலாமா?

பதில்: இப்போதுள்ள வடிவில் ஆதரிக்க வேண்டாம். அதே வேளையில், பள்ளிக்குத் தோற்றம் பற்றிய விதியே கூடாது என்றும் வாதிட வேண்டாம். ஆயிரம் பிள்ளைகள் ஒன்றாக இயங்கும் இடத்தில் சில பொது ஒழுங்குகள் தேவை என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். உங்கள் வரைவின் முதல் மூன்று வாக்கியங்களைத் திருத்திக்கொள்ளலாம். கடைசி இரண்டையும் நீக்கியே ஆக வேண்டும். ஏனெனில், விதி எதைத் தடுக்கிறது என்பதைவிட, மீறியவனைப் பள்ளி என்ன செய்கிறது என்பதில்தான் பிள்ளைகளுக்கு உண்மையான பாதிப்பு நேர்கிறது.

சீருடை விதியையும் முடி விதியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது, இரண்டும் ஒன்றல்ல. சீருடையை மாலையில் வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டிவிடலாம். பள்ளிக்காக வெட்டிய முடியைக் கழற்றி வைக்க முடியாது. அது விடுமுறையிலும், உறவினர் வீட்டுத் திருமணத்திலும், விளையாட்டுத் திடலிலும் அந்தப் பிள்ளையோடுதான் இருக்கும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கூட்டாட்சி முறையீட்டு நீதிமன்றங்களுக்கு மாணவர்களின் முடி தொடர்பான வழக்குகள் வரிசையாக வந்தபோது, விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்த நீதிமன்றங்கள் சில இந்த வேறுபாட்டையே சுட்டிக்காட்டின. வேறு சில முறையீட்டு நீதிமன்றங்கள் பள்ளியின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் தலையிடாமல் விட்டுவிட்டது. ஆகவே சட்டம் எங்கும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் பள்ளி நேரத்துக்கு வெளியேயும் நீளும் ஒரு கட்டுப்பாட்டுக்குச் சீருடையைவிட வலுவான காரணம் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

எனவே கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு தடையும் எதற்காக என்பதே. பாதுகாப்பு என்றால் விவாதமே வேண்டாம். ஆய்வகத்தில் பன்சன் சுடரடுப்புக்கு முன்னால் குனியும்போதும், பட்டறையில் சுழலும் லேத் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் நீண்ட முடியை இறுகக் கட்டியிருக்க வேண்டும். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் பொருந்தும். ஆனால் இந்தக் காரணம் முடியைக் கட்டச் சொல்கிறதே தவிர, வெட்டச் சொல்லவில்லை. சுகாதாரம் என்றால் தூய்மையைக் கேளுங்கள், நீளத்தைக் கேட்காதீர்கள். பேன் பரவுவது பெரும்பாலும் தலையோடு தலை நேரடியாகப் படுவதால்தான். பேனோ அதன் முட்டையான ஈரோ இருப்பதற்காக ஆரோக்கியமான குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. பேனுக்கே வகுப்பு மறுக்க வேண்டியதில்லை என்றால், காலரைத் தொடும் சுத்தமான முடிக்கு மறுப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

படிப்பு மேம்படும் என்ற காரணமும் முன்வைக்கப்படும். இங்கிலாந்தின் கல்விக் கொடை அறக்கட்டளை, பள்ளிகளில் பின்பற்றப்படும் வழிமுறைகளை ஆய்வுச் சான்றுகளோடு மதிப்பிட்டு வெளியிட்டு வருகிறது. சீருடையால் மட்டும் கற்றல் மேம்படும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. சீருடைக்கே அப்படியென்றால், முடியின் நீளத்தை வைத்து மதிப்பெண் பற்றிப் பேசுவது சரியாகாது.

ஆசிரியர்களின் கவலையை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக ஒதுக்கிவிடாதீர்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பைத் தினமும் நடத்துகிறவர்கள் அவர்கள். "சின்ன விஷயத்தில் விட்டுக்கொடுத்தால் பெரிய விஷயத்தில் பிடிப்பு போய்விடும்" என்று அவர்கள் சொல்வது அனுபவத்திலிருந்து வரும் சொல். ஆயினும் அந்தப் பிடிப்பு எதனால் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். காரணம் புரிகிற விதியைப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்பார்கள். காரணம் சொல்ல முடியாத விதியைக் காக்க ஆசிரியர் நாள்தோறும் தன் மரியாதையையே செலவழிக்க வேண்டியிருக்கிறது. காலையில் வாயிலில் நின்று காதுக்கும் முடிக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கண்ணால் அளக்கும் ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அவர் அந்தக் கால் மணி நேரத்தில், இரண்டு நாளாக வராமல் இன்று வந்திருக்கும் மாணவனிடம் என்ன ஆயிற்று என்று விசாரித்திருக்கலாம். முகம் வாடியிருக்கும் மாணவியைக் கவனித்திருக்கலாம். வாயிலில் முதல் பார்வை தலைமுடியின் மீதே விழுந்தால் இவையெல்லாம் தவறிப்போகும்.

"நாகரிகமற்ற" என்ற சொல்லை வரைவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அதன் பொருளை ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் ரசனைப்படி முடிவு செய்வார். ஒரு வகுப்பில் பாராட்டப்பட்ட தலை அடுத்த வகுப்பில் தண்டிக்கப்படும். சுருள் முடியும் அடர்ந்த முடியும் இயல்பாகவே வாய்த்த பிள்ளைகள்தாம் இத்தகைய சொல்லுக்கு முதலில் இலக்காகிறார்கள். ஜப்பானில் சில பள்ளிகள், இயற்கையாகவே பழுப்பு நிற முடியோ சுருள் முடியோ உள்ள மாணவர்களிடம் அது பிறவியிலேயே உள்ளது என்பதற்குச் சான்றுக் கடிதம் கேட்கும் அளவுக்குச் சென்றன. முடியைக் கருப்பாக்கக் கோரும் விதி உட்படப் பல கட்டுப்பாடுகளை டோக்கியோ பெருநகர அரசு உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்ரலில் கைவிட்டன.

அடுத்து, உங்கள் வரைவில் விதிவிலக்குக்கு இடமே இல்லை. நீதிமன்றங்களில் பள்ளிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. டர்பன் நகரப் பள்ளி ஒன்றில் தமிழ் இந்துப் பின்னணி கொண்ட மாணவி ஒருத்தி சிறிய மூக்குத்தி அணிந்து வந்தாள். நகை அணியக் கூடாது என்பது விதி. பள்ளி விலக்கு அளிக்க மறுத்தது. மூக்குத்தி மதக் கட்டாயம் அல்ல, விருப்பத்தால் பின்பற்றும் பண்பாட்டு வழக்கம்தான் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படி இருந்தும், விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. நகைத் தடை முழுவதையும் அது ரத்து செய்யவில்லை. மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் ஆகியோரைக் கலந்து, மத, பண்பாட்டுக் காரணங்களுக்காக விலக்கு கோரும் வழியை நடத்தை விதிகளில் சேர்க்கச் சொன்னது. ஒருவருக்கு விட்டால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்ற அச்சம் அந்த வழக்கிலும் முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உங்கள் கூட்டத்திலும் இந்த அச்சம் எழும், தயாராக இருங்கள்.

லண்டனில் நடந்ததும் இதே வகை. 11 வயதுச் சிறுவன் ஒருவன், குடும்ப வழக்கப்படி தலையோடு ஒட்டிய வரிசைப் பின்னலுடன் புதிய பள்ளிக்கு வந்த முதல் நாளிலேயே திருப்பி அனுப்பப்பட்டான். சில முடி அலங்காரங்களின் வழியே தெருக் கும்பல் கலாச்சாரத்தைப் பள்ளிக்குள் விடக் கூடாது என்பதே விதியின் நோக்கம். அது நல்ல நோக்கம்தான். ஆனால் இனம், பண்பாடு சார்ந்த விலக்குக்கு இடமளிக்காமல் அதை நடைமுறைப்படுத்தியது மறைமுக இனப் பாகுபாடு என்று 2011-இல் உயர் நீதிமன்றம் கூறியது. சீக்கியச் சிறுவனைத் தலைப்பாகைக்காகச் சேர்க்க மறுத்த பள்ளிக்கு எதிராக, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983-இலேயே தீர்ப்பளித்திருந்தது.

மருத்துவக் காரணங்களைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை, நீங்கள் பேசுங்கள். புழுவெட்டால் திட்டுத்திட்டாக முடி உதிர்ந்த பிள்ளை, மீதியுள்ள முடியை நீளமாக விட்டு அந்த இடத்தை மூடிக்கொள்ளும். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குத் தொப்பி தேவைப்படும். மனப்பதற்றம் கூடும்போது தன்னையறியாமல் முடியைப் பிடுங்கும் சிக்கல் பெரும்பாலும் வளரிளம் பருவத் தொடக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கான விலக்கை, வாயிலில் எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்காமல், பெற்றோரின் ஒரு கடிதத்தின் பேரில் தனிமையில் வழங்கும் ஏற்பாடு விதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். பள்ளியில் வைத்து முடியை வெட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆசிரியர் ஒருவர் கோபத்தில் கத்தரிக்கோலால் உச்சியில் ஓரிடத்தில் மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிட்டால், அந்தப் பள்ளம் நிரம்ப மூன்று மாதம் ஆகும். அல்லது தலை முழுவதையும் அதற்கேற்ப ஒட்ட வெட்ட வேண்டும். வேறு எந்தப் பள்ளித் தண்டனையையும் பிள்ளை இப்படித் தலையில் சுமந்துகொண்டு தெருவில் நடப்பதில்லை. பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது உறுப்பு சொல்கிறது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பிறர் பார்க்க ஒரு பிள்ளையின் முடியைக் கத்தரிப்பது இவற்றின் நோக்கத்துக்கு நேர் எதிரானது.

வகுப்பில் அமரவிடாமல் தடுப்பதும் தவறு. ஒசாகாவில், இயற்கையிலேயே பழுப்பு முடி கொண்ட தன்னைத் திரும்பத் திரும்பக் கருப்புச் சாயம் பூசச் சொன்னதாக ஒரு மாணவி தொடுத்த வழக்கில், 2021-இல் மாவட்ட நீதிமன்றம் சாய விதியையும் அதன்படி அறிவுறுத்தியதையும் சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் பள்ளிக்கு வராத காலத்தில் வகுப்பிலிருந்து அவளுடைய மேசையை அகற்றி, பெயர்ப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியதற்காக 3,30,000 யென் இழப்பீடு தர உத்தரவிட்டது. விதியே செல்லும் என்று கருதிய நீதிமன்றம்கூட வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு இருந்த இடத்தைப் பறித்ததை ஏற்கவில்லை. முடிக்காக ஒரு கணக்குப் பாடத்தை இழக்கும் மாணவன் அந்தப் பாடத்தை யாரிடம் போய்க் கேட்பான்? ஏற்கெனவே பின்தங்கியிருப்பவனுக்கு இது பள்ளியை விட்டே விலகுவதற்கு ஒரு சாக்காகிவிடும். விதி மீறலை ஆசிரியர் தனியே அழைத்துச் சொல்லட்டும், பெற்றோருக்குத் தெரிவிக்கட்டும், முடிவெட்டிக்கொள்ள ஒரு வார இறுதியாவது அவகாசம் இருக்கட்டும். இதற்கு மேல் போகும் எந்த நடவடிக்கையிலும் பாட நேரம் பறிபோகக் கூடாது.

ஆணுக்கு ஒரு நீளம், பெண்ணுக்கு ஒரு கட்டு என்று வரைவு பிரித்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மறைக்கக் கூடாது, தோளுக்குக் கீழே போகும் முடியைக் கட்டியிருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும் என்று பொதுவாக எழுதினால் இந்தப் பிரிவினைக்கே தேவை இருக்காது.

கூட்டத்துக்குச் செல்லும்போது எதிர்ப்பை மட்டும் எடுத்துச் செல்லாமல், திருத்திய வரைவு ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இப்படித் தொடங்கலாம்: "முடி சுத்தமாகவும் கண்ணை மறைக்காமலும் இருக்க வேண்டும். ஆய்வகத்திலும் பட்டறையிலும் விளையாட்டிலும் நீண்ட முடியைக் கட்டியிருக்க வேண்டும். மதம், பண்பாடு, உடல்நலம் ஆகிய காரணங்களுக்காகப் பெற்றோர் எழுத்தில் கோரினால் விலக்கு அளிக்கப்படும். எந்த மாணவரின் முடியையும் பள்ளிப் பணியாளர் தொடவோ வெட்டவோ கூடாது. தோற்றத்துக்காக எவருக்கும் வகுப்பு மறுக்கப்படாது." சாயம் பற்றிக் குழு பிடிவாதமாக இருந்தால், பளிச்சென்ற செயற்கை நிறங்களுக்குத் தடை என்ற அளவில் விட்டுக்கொடுங்கள். அதற்காக இந்தத் திருத்திய வரைவின் கடைசி இரண்டு வாக்கியங்களை இழந்துவிடாதீர்கள். குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் உரிமை உண்டு என்று அதே உடன்படிக்கையின் 12-ஆவது உறுப்பு கூறுவதால், வாக்கெடுப்புக்கு முன்பு வகுப்புக்கு இருவராவது குழுவிடம் பேச வாய்ப்புத் தரும்படியும் கேளுங்கள்.

உங்கள் மகனிடம், அவன் எதிர்ப்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எதிர்ப்பைக் காரணமாக மாற்றும் பயிற்சி அவனுக்குக் கிடைக்கும். நீங்களும் அதைக் குழுவில் படித்துக் காட்டலாம். விதி எந்த வடிவில் நிறைவேறினாலும், அது நடைமுறையில் இருக்கும்வரை அவன் அதற்கு உட்பட வேண்டும் என்பதையும், மாற்றக் கோரும் வழி திறந்தே இருக்கிறது என்பதையும் ஒருசேரச் சொல்லுங்கள். ஒருவேளை பழைய வரைவே நிறைவேறிவிட்டால், உங்கள் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். ஓர் ஆண்டில் விதியை மீளாய்வு செய்வதாக ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை யார் யார் மீது, எந்த வகுப்பில், எதற்காக நடவடிக்கை எடுக்கப்பட்டது, எத்தனை பாட வேளைகள் போயின என்ற பதிவேட்டைப் பள்ளி பராமரித்து, பெயர்களை நீக்கிக் குழுவின் முன்வைக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.