கேள்வி பதில்: கடைசி அத்தியாயத்து மனந்திரும்புதல்

கேள்வி: சென்ற ஆண்டு என் தாயாரின் சிகிச்சைக்காக ஆறு வாரங்கள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த அக்கா ஒருவர், இரவு விழித்திருக்கும்போது படிக்கட்டும் என்று ஒரு பை நிறைய ஆங்கிலக் கிறிஸ்தவ நாவல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது நாவல்களைப் படித்து முடித்தேன். அந்த இரவுகளில் அவை பெரிய துணையாக இருந்தன; தாயாரும் இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் ஜானெட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ ஒன்றைத் தவிர, எந்தக் கதை எந்தப் புத்தகத்தில் வந்தது என்றுகூட இன்று நினைவில்லை. எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்தில் யாராவது மனந்திரும்புகிறார்கள், உடனே கல்யாணம் நடக்கிறது. விசுவாசியான எனக்கே இது சலிப்பாக இருந்தது. அப்படிச் சலித்துக்கொண்டது தவறோ என்று மனம் உறுத்துகிறது. அந்த ஒரு நாவல் மட்டும் ஏன் நிலைத்தது? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: உறுத்தல் வேண்டாம், சகோதரி. உங்கள் சலிப்பு விசுவாசத்தின் மீது வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்பட்ட விதத்தின் மீதுதான் வந்திருக்கிறது. நோயுற்ற தாயின் கட்டிலருகே ஆறு வாரம் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, துன்பம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பது தெரியும். இருபது பக்கத்துக்குள் ஒரு துக்கம் தீர்ந்து, ஒரு ஜெபத்தில் பல வருடக் கசப்பு கரைந்துவிட்டதாக எழுதினால், மனம் அதை ஏற்க மறுப்பது இயல்பே.

நீங்கள் நினைவில் வைத்திருக்கும் நாவலை எடுத்துக்கொள்வோம். 1979-இல் வெளிவந்த அந்தக் கதையில், மேற்கு நோக்கிக் கூண்டு வண்டியில் வந்த மார்ட்டியின் கணவன் குதிரை விபத்தில் இறக்கிறான். அவனை அடக்கம் செய்த நாளிலேயே, தாயில்லாத தன் பெண்குழந்தைக்கு ஒரு தாய் வேண்டும் என்பதற்காக, கிளார்க் என்ற முன்பின் அறியாத மனிதன் அவளிடம் பெயரளவிலான திருமணத்துக்குச் சம்மதம் கேட்கிறான். பிடிக்காவிட்டால் வசந்தத்தில் கிழக்கே திரும்பும் வண்டிகளோடு ஊருக்கு அனுப்பிவைப்பதாகவும் வாக்களிக்கிறான். கருவுற்றிருக்கும் அவளுக்கு வேறு போக்கிடமில்லை. அவளுக்குச் சமைக்கத் தெரிந்ததோ பான்கேக் மட்டும். காலையும் அதுதான், இரவும் அதுதான். அவனும் முகம் சுளிக்காமல் உண்டுவிட்டு எழுந்து போகிறான். அவன் முதன்முறையாகச் சாப்பாட்டுக்கு முன் தலைகுனிந்து ஜெபிக்கும்போது, எதிரே ஆளே இல்லாமல் இவன் யாரிடம் பேசுகிறான் என்று திகைத்துப்போகிறாள். அந்தத் திகைப்பு விசுவாசமாக மாறுவதற்குள் அடுப்படியில் எத்தனையோ நாட்கள் போய்விடுகின்றன. ஒரு பிரசவம் நடக்கிறது. தானும் கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட பக்கத்துப் பண்ணைப் பெண்மணி, அன்பு தனக்கு எப்படிச் சந்தடியில்லாமல் வந்து சேர்ந்தது என்று மனம்விட்டுப் பேசுகிறாள். நாவலின் தலைப்பே அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். உங்கள் மனத்தில் தங்கியது முடிவு அன்று, அதற்கு முந்தைய நாட்கள் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் அதுவரை பெரும்பாலும் தியான நூல்களையும் வேத விளக்கங்களையும் வெளியிட்டுவந்த கிறிஸ்தவப் பதிப்பகங்கள், இந்த நாவல் விற்ற வேகத்தைக் கண்ட பிறகுதான் கதைகளின் பக்கம் பெருமளவில் திரும்பின. கெட்ட வார்த்தை கூடாது, படுக்கையறைக் கதவு மூடியிருக்க வேண்டும், முக்கியப் பாத்திரம் ஒன்று கடவுளை நோக்கித் திரும்ப வேண்டும் என்ற எழுதாத விதிகள் அதன்பின் நிலைபெற்றன. முதலிரண்டு விதிகளால் யாருக்கும் நட்டமில்லை. வீட்டில் எவர் கையிலும் கொடுக்கத்தக்க நூல் வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. மூன்றாவது விதிதான் கதையின் கையைக் கட்டிப்போடுகிறது. முடிவு இன்னதென்று வாசகருக்கு முன்பே தெரிந்துவிட்டால், நடுவில் வரும் கண்ணீருக்கு எடை இருப்பதில்லை.

விதிகள் வருவதற்கு முன்பே எழுதப்பட்ட ஒன்றையும் நீங்கள் படிக்க வேண்டும். கன்சாஸ் மாநிலத்து டொப்பீகா நகரில் போதகராக இருந்த சார்லஸ் ஷெல்டன், ஞாயிறு மாலை ஆராதனைகளில் அத்தியாயம் அத்தியாயமாகத் தம் சபையாருக்கு வாசித்துக் காட்டிய கதை ‘இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்’. 1896-இல் பத்திரிகைத் தொடராக வந்தபோது காப்புரிமை முறையாகப் பதிவாகாமல் போனதால், பதிப்பகங்கள் பலவும் அதைத் தம் விருப்பம்போல் அச்சிட்டன. ஷெல்டனுக்குக் கிடைத்த பணம் சொற்பம். ‘இயேசுவாக இருந்தால் என்ன செய்வார்?’ என்ற கேள்வி உலகெங்கும் பரவியது அந்தக் கதையின் வழியாகத்தான்.

அதன் முதல் அத்தியாயம் இன்றும் என்னைச் சங்கடப்படுத்துகிறது. போதகர் மாக்ஸ்வெல் வெள்ளிக்கிழமை காலை பிரசங்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். கந்தல் உடையில் ஒருவன் வாசல் மணியை அடித்து வேலை கேட்கிறான். தமக்குத் தெரிந்த வேலை எதுவுமில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டுப் பிரசங்கத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஞாயிறன்று ஆராதனை முடியும் தறுவாயில், அதே மனிதன் முன்னால் நடந்துவந்து சபையாரிடம் பேசத் தொடங்குகிறான். அவன் அச்சுத் தொழிலாளி; எழுத்துக் கோக்கும் லைனோடைப் எந்திரம் வந்ததால் பத்து மாதங்களுக்கு முன் வேலை போயிற்று; நான்கு மாதங்களுக்கு முன் மனைவி இறந்தாள்; சிறு மகள் வேறொரு அச்சுத் தொழிலாளியின் வீட்டில் இருக்கிறாள். அவன் யாரையும் திட்டவில்லை. நீங்கள் பாடுகிற பாடலுக்கும் நீங்கள் வாழ்கிற வாழ்வுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுகிறான். அடுத்த ஞாயிறு போதகரின் வீட்டிலேயே உயிர் பிரிகிறது.

ஷெல்டனின் நடை பெரிய இலக்கிய நடையன்று. பாத்திரங்கள் பல இடங்களில் பிரசங்க மேடையில் நிற்பவர்களைப் போலவே பேசுகிறார்கள். ஆயினும் அவர் தாமே பழைய உடை உடுத்திக்கொண்டு டொப்பீகா தெருக்களில் வேலை தேடி அலைந்து பார்த்தவர் என்பதால், அந்தக் கந்தல் மனிதன் உயிரோடு நிற்கிறான். அங்கே மனந்திரும்ப வேண்டியவர்கள் ஏற்கெனவே கோவிலில் உட்கார்ந்திருப்பவர்கள். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் கதையில் வருகிறது: பத்திரிகை ஆசிரியர் குத்துச்சண்டைச் செய்தியையும் ஞாயிறு பதிப்பையும் நிறுத்தி நட்டமடைகிறார், இரயில்வே அதிகாரி தம் நிறுவனத்தின் சட்டமீறலை வெளிப்படுத்திவிட்டு வேலையை விட்டு விலகுகிறார்.

கேள்வி: நான் கிறிஸ்தவன் அல்லன். நண்பர் ஒருவர் ‘ரிடீமிங் லவ்’ நாவலைத் தந்து அவசியம் படிக்கச் சொன்னார். என்னைப் போன்றவர் படிக்கத்தக்கதா? கல்லூரியில் படிக்கும் என் மகளும் கேட்கிறாள். (வாசகர், கோவை)

பதில்: நானும் மிஷன் பள்ளியில் படித்த வெளியாள்தான், தயக்கமின்றிப் படியுங்கள். காதல் கதைகள் எழுதிவந்த பிரான்சின் ரிவர்ஸ், விசுவாசத்துக்கு வந்த பின் 1991-இல் வெளியிட்ட நாவல் இது. விபசாரியை மணந்து, அவள் விட்டுப்போன பின்னும் அவளை மீட்டுக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையை, தங்கம் தேடி மக்கள் குவிந்த 1850-களின் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். குழந்தைப் பருவத்திலேயே விற்கப்பட்ட ஏஞ்சல், தன்னை நேசித்து மணந்த மைக்கேலிடமிருந்து மீண்டும் மீண்டும் ஓடிப்போகிறாள். அவள் ஓட்டத்தை ஆசிரியர் அவசரப்பட்டு நிறுத்தவில்லை என்பதே நாவலின் பலம். மைக்கேலிடம்தான் எனக்குக் குறை. அவனுக்குக் கோபம் வரும்போதெல்லாம் கடவுளின் குரல் வந்து வழிகாட்டிவிடுகிறது. வேதாகமத்தின் ஓசியா நூலில், ‘எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்’ என்று கடவுளே தவித்துக் கேட்கிறார். அந்தத் தவிப்பு மைக்கேலிடம் போதாது. உங்கள் மகள் படிக்கலாம்; ஆனால் சிறுமியின் மீது நிகழும் கொடுமைகள் முதல் அத்தியாயங்களில் வருகின்றன என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: தமிழில் இத்தகைய நூல்கள் உண்டா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்; ஆனால் 1879-இல் அவர் வெளியிட்ட முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, தெய்வபக்தியைப் பேசினாலும் யாரையும் மதம் மாற்ற முனையவில்லை. நீங்கள் கேட்கும் வகைக்கு நெருங்கியது, ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூல்தான். அது தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக இருந்தது. கம்பனில் தோய்ந்த வைணவக் குடும்பத்துப் பிள்ளையாகப் பாளையங்கோட்டைக்கு அருகே கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, அதைத் தழுவியே 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை நமக்குத் தந்தார்.

முதல் கேள்வியைக் கேட்ட சகோதரி, ‘மோட்சப் பிரயாண’த்தின் முதல் பாகத்து முடிவை மறுபடி எடுத்துப் பாருங்கள். நகரத்தின் வாசல் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, ஆனால் நடுவில் ஆறு, பாலம் இல்லை. அத்தனை தூரம் நடந்துவந்த யாத்திரிகன் அந்தத் தண்ணீரில் இறங்கியதும் பயந்து அலறுகிறான், பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன, தலை அமிழ்கிறது. நம்பிக்கையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தோழன் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு அடித்தரை தட்டுப்படுகிறது, நன்றாகவே இருக்கிறது என்று சொல்கிறான்.