முப்பது காசு டீ

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். என் மகனும், எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் தஞ்சாவூர்த் தம்பியும் தினமும் இருவேளை கீழே காப்பிக் கடைக்குப் போய் டீ குடிக்கிறார்கள். கடையில் ஒரு டீ ஒன்றரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டில் போட்டால் முப்பது காசுதான். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டாலும், இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு 1,728 வெள்ளியை வீணாக்குகிறார்கள். சர்க்கரை வேறு உடம்பில் ஏறுகிறது. வாடகைக்கு இருப்பவரைச் சமையலறைக்குள் விடும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனாலும் சேமிக்க நினைப்பவருக்கு வழியா இல்லை? என் மனைவி போடும் இஞ்சி டீக்கு எந்தக் கடை டீயும் ஈடாகாது. இளையர்களுக்குப் புத்தி வரும்படி நீங்கள் நாலு வார்த்தை எழுத வேண்டும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஐயா, உங்கள் பெருக்கலில் பிழை இல்லை, நானும் போட்டுப் பார்த்துவிட்டேன். பிழை அந்த முப்பது காசில் இருக்கிறது.

குளிரூட்டிய பசும்பால் லிட்டர் மூன்று வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பது இந்த ஊரில் அரிது. ஒரு டீக்கு 150 மில்லி பால் ஊற்றினால் பாலுக்கே 45 காசு போய்விடும். தூள், இஞ்சி, சர்க்கரை, எரிவாயு எல்லாம் சேர்ந்தால் அறுபதைத் தொடும். உங்கள் 1,728 வெள்ளி 1,296 ஆகிவிடுகிறது. அதுவும் சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 432 வெள்ளியைக் கண்ணில் படாமல் கூட்டிவைத்தவர், அடுத்தவர் செலவைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தணிந்து பேசலாம். பால் மாவில்தான் போடுகிறோம், அதனால் செலவு குறைவு என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் ‘எந்தக் கடை டீயும் ஈடாகாது’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பொருள் கணக்கு கிடக்கட்டும். ஆள் கணக்குக்கு வருவோம். இஞ்சியைத் தோல் சீவித் தட்ட வேண்டும். தூளைக் கொதிக்கவிட்டு, பாலை ஊற்றியபின் அது பொங்கி அடுப்பில் வழியாமல் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். வடிகட்டிக் கொடுத்தபின், பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய ஆடையைச் சுரண்டிக் கழுவ வேண்டும். மகனும் தம்பியும் இருவேளையும் வீட்டிலேயே குடிப்பதென்றால் நாளைக்கு நான்கு டீ கூடுதல். அவற்றைப் போடப்போவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் இல்லை என்பது மட்டும் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. காப்பிக் கடையில் கொடுக்கும் ஒன்றரை வெள்ளியில் பாலும் தூளும் கொஞ்சம். கடை வாடகையும், விடியுமுன்னே வந்து அடுப்பு மூட்டுபவரின் சம்பளமும்தான் அதிகம். உங்கள் வீட்டில் அந்தச் சம்பளம் கொடுக்கப்படுவதில்லை. அதனால்தான் வீட்டு டீ அவ்வளவு மலிவாகத் தெரிகிறது.

தம்பியின் விஷயம் இன்னும் வேடிக்கையானது. சமையலறைக்குள் விடமாட்டீர்கள், வெளியே போய்க் குடித்தால் ஊதாரி என்பீர்கள். அவர் டீயை எங்கே வைத்துக் காய்ச்சுவார்? இந்த ஊரில் அறை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் ‘சமையல் கூடாது’ என்றிருக்கும், அல்லது ‘லேசான சமையல் மட்டும்’ என்றிருக்கும். லேசு என்பது வெந்நீரும் உடனடி நூடல்ஸும்தான் என்பது குடிபோனபின் விளங்கும். அப்படி இருப்பவர்களுக்கு அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடைதான் அடுப்படி, அதுவேதான் கூடமும். வேலை முடிந்து வந்தவர் அங்கே அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து, தஞ்சாவூருக்குக் காணொளியில் பேசலாம். யாரும் அவரை எழுப்பிவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய்ப் பாருங்கள். தங்கும் விடுதிகளிலிருந்து வந்த நம் ஊர்த் தொழிலாளர்கள் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள நடைபாதையில், நின்றபடி ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் எல்லாரும் சேமிக்கத் தெரியாமலா கடல் தாண்டி வந்தார்கள்?

இனி ருசி. இங்கே நீங்கள் ஒப்பிடக் கூடாத இரண்டை ஒப்பிடுகிறீர்கள். வீட்டில் தூளும் பாலும் ஒன்றாகக் கொதிக்கின்றன. தேயிலையின் துவர்ப்பைப் பாலிலுள்ள புரதம் பிடித்து வைத்துக்கொள்வதால் டீ மெத்தென்று இறங்குகிறது. அதன் மேலே இஞ்சியும் ஏலக்காயும் தெரிகின்றன. கடையில் பால் அடுப்புக்கே போவதில்லை. நீண்ட துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, மூக்கு நீண்ட தகரக் குவளையில் வெந்நீர் ஊற்றி, சாற்றைக் குவளைக்குக் குவளை மாற்றி ஏற்றி இறக்குகிறார்கள். கண்ணாடித் தம்ளரின் அடியில் கெட்டிப்பால் ஒரு விரல் உயரத்துக்குக் காத்திருக்கும். அதன் மேல் சாறு விழுந்து, கரண்டி நாலு சுற்றுச் சுற்றினால் ‘தே’, அதாவது கடை டீ, தயார். தே தாரிக் என்றால் இன்னும் ஒரு படி: இரு குவளைகளுக்கு இடையே கை உயர்ந்து தாழ்ந்து இழுக்கும் இழுப்பில் சூடு வாய்க்குத் தகுந்தபடி தணிகிறது, காற்று புகுந்து நுரை கட்டுகிறது. இதற்கெல்லாம் ஏற்றது முழு இலை அல்ல, சீக்கிரம் சாறு விடும் தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரம் 1930களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் வந்தது. நம் கடைகளில் புரளும் தூளில் பெரும்பகுதி அந்த வழியில் செய்ததுதான்.

கடை டீயின் குறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பாரபட்சம் என்பீர்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின் சில கடைகளில் கிடைக்கும் டீ கசக்கும். துணியை மாற்றாமல் அதே தூளின் மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். புதுச்சாறு இறக்கியாயிற்றா என்று கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

இஞ்சி டீ உங்கள் வீட்டுத் தனிச்சொத்து என்றும் நினைக்க வேண்டாம். தமிழ் முஸ்லிம்களும் மற்ற இந்திய முஸ்லிம்களும் தெருவோரம் நடத்திய ‘சரபத்’ பானக் கடைகளில் இஞ்சி டீ பல தலைமுறைகளாக ஓடியது. 1971 முதல் 1986 வரை அரசாங்கம் தெரு வியாபாரிகளை உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றியது. இழுக்கும் கையும் இஞ்சி வாசமும் கூடவே உள்ளே போயின. இன்று அதை தே ஹாலியா என்று கேட்டு வாங்குகிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிக் கலாசாரத்தை மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கடை டீயை உங்கள் மகன் குடிக்கும்போது மட்டும் வீண்செலவு என்கிறீர்கள்.

சர்க்கரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே நான் உங்கள் கட்சி. கெட்டிப்பாலின் எடையில், பாலுக்கு இயல்பாக உள்ள சர்க்கரையையும் சேர்த்து, பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 11 கிராம் வந்துவிடும். தம்ளரின் அடியில் ஒரு கரண்டியோடு நிறுத்துகிறவர்கள் குறைவு. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களிலும், ‘ஏ’ முதல் ‘டி’ வரையிலான ‘நியூட்ரி-கிரேடு’ தரத்தில் ‘சி’, ‘டி’ பெறுபவற்றுக்குத் தர முத்திரை கட்டாயமாகிவிட்டது. 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’ தரம். சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு என்பதால், உங்கள் புளோக்கின் கீழே அந்த முத்திரையைத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

ஆனால் இதற்குக் கடையை ஒதுக்க வேண்டியதில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். ‘தே சியூ தாய்’ என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். ‘தே-சி-கோசோங்’ என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத பால், சர்க்கரை கிடையாது. ‘தே-ஓ-கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எந்தத் தமிழ்க் கடையிலும் சீனக் கடையிலும் இது செல்லும். முகம் சுளிக்காமல் போட்டுத் தருவார்கள். மகனிடம் சண்டை போடுவதை விட்டுவிட்டு இந்த மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். போகிறபோக்கில் உங்கள் வீட்டு இஞ்சி டீயில் எத்தனை கரண்டி விழுகிறது என்பதையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே தர முத்திரை ஒட்ட யாரும் வருவதில்லை.

இளையர்களுக்கு அறிவுரையாக நாலு வார்த்தை கேட்டீர்கள். அது இந்தப் பக்கத்தில் வராது. உங்களுக்கு வேண்டுமானால் இரண்டு யோசனை இருக்கிறது. மாலை டீயை நாளை முதல் நீங்கள் போடுங்கள், பாத்திரம் கழுவுவது உட்பட. அம்மா உட்கார்ந்து குடிக்கட்டும். தம்பிக்குக் காலையிலும் மாலையிலும் அடுப்பில் கால் மணி நேரம் கொடுங்கள். சமையலறையை விட்டுக்கொடுக்க முடியவே முடியாது என்றால், உங்கள் கணக்குப்படியே அவர் மாதம் 72 வெள்ளி கூடுதலாகச் செலவழிக்கிறார். அதை வாடகையில் கழித்துவிடுங்கள்.