மெரந்தி, லவான், பிலிப்பைன்ஸ் மகோகனி எல்லாம் வேறு வேறு மரங்களா? கடைக்காரர் சொல்லும் ‘குர்ஜன் பிளைவுட்’ என்பது என்ன?

நீங்கள் கேட்ட முதல் மூன்று பெயர்களும் பெரும்பாலும் ஷோரியா என்ற ஒரே பேரினத்து மரங்களையே குறிக்கின்றன. மலேசியாவில் மெரந்தி என்றும், அதே நாட்டின் சபா மாநிலத்தில் செராயா என்றும், பிலிப்பைன்ஸில் லவான் என்றும் வழங்குவதைத்தான் அமெரிக்க வணிகர்கள் பிலிப்பைன்ஸ் மகோகனி என்று விற்றார்கள். உண்மையான மகோகனி வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிறத்தைத் தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர் சந்தையில் ஊறிவிட்டதால், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அதை அடியோடு விலக்காமல், ஏழு பிலிப்பைன்ஸ் மரங்களுக்கு மட்டும் சொல்லலாம் என்று ஒரு காலத்தில் வரம்பு கட்டியிருந்தது.

பேரினம் ஒன்று என்பதால் தரமும் ஒன்றாகிவிடாது. வெளிர் சிவப்பு மெரந்தி கன மீட்டருக்கு 400 கிலோ அளவிலும் கிடைக்கும். அதே ஷோரியாவில் பலாவ் எனப்படும் வகை 900 கிலோவைத் தாண்டும், துளையிடாமல் அதில் ஆணி இறக்குவது கடினம். நிலைக்கும் கதவுக்கும் நம்மூரில் விற்கப்படும் ‘மலேசியா சால்’ என்ற பெயரின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வட இந்தியாவின் சால் மரமும் ஷோரியாவே என்பதால் அந்தப் பெயர் பொய்யென்று சொல்ல வழியில்லை. எந்த ஷோரியா என்பதை மட்டும் அது சொல்லாது.

குர்ஜன் கதை இதற்குத் தலைகீழ், இங்கே பெயரே பொய்யாகிவிடலாம். டிப்டெரோகார்பஸ் என்ற பேரினத்து மரங்களுக்கு அந்தமானில் குர்ஜன், மியான்மரில் கன்யின், மலேசியாவில் கெருயிங், தாய்லாந்தில் யாங், பிலிப்பைன்ஸில் அபிடோங் என ஊருக்கொரு பெயர். மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு குர்ஜன் மேலேடு, அதாவது குர்ஜன் பிளைவுட்டின் மேற்பரப்பில் ஒட்டும் மெல்லிய மர ஏடு, கிடைப்பது அரிதாயிற்று. கடைகளில் அதன் பெயர் மட்டும் குறையவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக்காக நான் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பலகையின் மேற்பரப்பைத் தச்சர் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துக் காட்டினார். துணியில் செஞ்சாயம் இறங்கியது. மரத்தை மோந்து பார்த்தேன், குர்ஜனுக்கே உரிய பிசின் மணமும் இல்லை. “குர்ஜன் கலருங்க, குர்ஜன் இல்லை” என்றார் அவர்.

அசல் குர்ஜனாகவே இருந்தாலும் பல பலகைகளில் அது மேலேட்டோடு நின்றுவிடும். உள்ளடுக்குகள் பாப்லராகவோ யூகலிப்டஸாகவோ இருக்கலாம். அடுக்குகள் நீரில் பிரியாமல் காப்பது முக்கியமாகப் பசையே. ஆகவே ஈரம் படும் இடத்துக்கு வாங்குகிறவர்கள் மரத்தின் பெயரைக் காட்டிலும், 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்கும் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 710இன் முத்திரை பலகையில் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

கேரளப் பக்கத்திலிருந்து வரும் ‘வெள்ளைப் பைன்’ பைன் மரமே அல்ல. அது மலையாளத்து வெள்ளப்பயின். பயின் என்றால் பழந்தமிழிலும் பிசின்தான்.

அறுத்த மரம் வாங்கும்போது தாவரவியல் பெயரைப் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, ‘இம்போர்டட் ஹார்ட்வுட்’ என்று எழுதிக் கொடுத்தார்.